நைஸ் என்றொரு வார்த்தை

ஆங்கிலத்தில் 'நைஸ்' என்ற வார்த்தையைப் போல ஓயாமல் உழைக்கிற அடைமொழி வேறு உண்டா என்பது எனக்குச் சந்தேகந்தான். வெயில் நைஸ், தேநீர் நைஸ், பக்கத்து வீட்டுக்காரர் நைஸ், போன வாரம் படித்த நாவலும் நைஸ். காரியம் கெட்டுக் குட்டிச்சுவராகும்போதுகூட இங்கிலீஷ்காரர் 'நைஸ்' என்பார், தொனிதான் மாறும்.

இத்தனைக்கும் ஓடி வருகிற இந்த வார்த்தையின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 'ஒன்றும் அறியாத' என்ற லத்தீன் சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி இங்கிலாந்துக்கு வந்தபோது அதற்கு 'அசட்டுத்தனமான' என்று அர்த்தம். பிறகு, எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிற ஆசாமியைக் குறித்தது. நுண்ணிய வித்தியாசங்களைக் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமையான' என்ற அர்த்தம் அதில் ஏறி, மற்றவற்றையெல்லாம் பின்னே தள்ளிவிட்டது.

இந்த மாறுதலைப் பக்கத்தில் இருந்து பார்த்துச் சிரித்தவர் ஜேன் ஆஸ்டின். அவருடைய 'நார்த்தாங்கர் அபே' 1803-லேயே எழுதி முடிந்த நாவல். ஆனால் அவர் காலமான பிறகு, 1817 டிசம்பரில்தான் வெளிவந்தது. அதில் மூன்று பேர் பாத் நகரை அடுத்த பீச்சன் குன்றுக்கு உலாவப் போகிறார்கள். காதரீன் என்ற பெண், தான் உருகி உருகிப் படித்த மர்ம நாவலை 'நைஸ்' என்று சொல்லிவிடுகிறாள். ஹென்றி டில்னி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறான். புத்தகத்தின் பைண்டிங்கைத்தானே சொல்கிறாய் என்று கேலி செய்கிறான்; எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல்லென்று ஒரு பிரசங்கமே நடத்துகிறான். அவன் சகோதரி எலினார் விடுகிறாளா? அதே வார்த்தையை அதன் பழைய அர்த்தத்தில் எடுத்து அவன் மேலேயே திருப்புகிறாள். குற்றம் காண்கிற நாசூக்கு இருக்கிற அளவுக்கு அவனிடம் விவேகம் இல்லையாம்!

ஹென்றியின் வாதம் சரி, சமயம்தான் சரியில்லை. இந்த இரண்டையும் ஒரே சம்பாஷணையில் காட்டிவிட்டதைத்தான் ஆஸ்டினின் மேதை என்கிறேன். பேச்சில் 'நைஸ்' என்பது ஓர் உபசாரம். காப்பி எப்படி என்று கேட்கிற வீட்டு அம்மாளுக்கு 'நன்றாயிருக்கிறது' என்ற ஒரு சொல் போதும். மிச்சத்தை நம் முகமும் குரலும் சொல்லிவிடும். அச்சில் முகமும் இல்லை, குரலும் இல்லை. அங்கே அந்த ஒற்றைச் சொல் எதைக் காட்டும்?

நம்மவர்கள் இதே 'நைஸை' வாங்கிக்கொண்டு அதற்கு உருப்படியான வேலை கொடுத்திருக்கிறார்கள். மாவை நைசாக அரைக்கச் சொன்னால், விரலில் திப்பி தட்டக் கூடாது என்று அர்த்தம். நைசாக நழுவினான் என்றால் அவன் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நைஸ் பண்ணிப் பணம் வாங்கினான் என்றால் அவன் இளித்த இளிப்பே கண் முன் வந்து நிற்கிறது.

இவ்வளவு சாமர்த்தியமுள்ள நாம், கதை எழுத உட்கார்ந்ததும் 'அழகான பெண்', 'நல்ல மனிதர்', 'இனிமையான மாலை' என்று ஆரம்பிக்கிறோம். நம்முடைய 'நைஸ்' இவைதாம். அந்த மனிதர் பால்காரன் மறந்துபோன பழைய பாக்கியை நினைவுபடுத்தி எடுத்துக் கொடுத்தார் என்று எழுதிவிட்டால், 'நல்ல' என்பதை அடித்துவிடலாம். 'எவ்வளவு நல்ல மனிதர்!' என்று சொல்கிற சந்தோஷம் வாசகருக்குச் சேர வேண்டியது. அதை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது என்ன நியாயம்?