வழிகாட்டியே நடுவராக இருக்கலாமா?

முனைவர் பட்டத்துக்குச் சேர வருபவர்கள் முதலில் விசாரிப்பது எந்த கைடிடம் இடம் காலியாக இருக்கிறது என்பதைத்தான். தலைப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும் இணைப் பேராசிரியர் 6 பேருக்கும் உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்க முடியும். இந்த வரம்பு தேவையானது. அது இல்லாவிட்டால் பெயர்பெற்ற சிலரிடம் கூட்டம் சேர்ந்து, எந்த இயலையும் முழுதாகப் படிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்பதும் நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் காலியிடம் பார்த்து ஆளைத் தேர்ந்தால் ஆய்வு திசைமாறிவிடுகிறது. சங்க இலக்கியத்தில் ஆழ்ந்தவர், இடம் கிடைத்த ஒரே காரணத்துக்காகத் தற்காலப் புதினத்துக்குத் தாவுகிறார். அதன் பிறகு நான்கைந்து ஆண்டுகள் அந்தத் தலைப்போடும் அந்த மனிதரோடும்தான் வாழ்க்கை. சேர்க்கை நேர்காணலில் மாணவர் தன் விருப்பத்தைச் சொல்லலாம், ஒதுக்குவது துறை. மாணவரும் கைடும் சேர்ந்து ஒருநாள்கூட வேலை செய்திராத நிலையில் இந்த உறவு முடிவாகிவிடுகிறது. அமெரிக்காவில் உயிரியல் துறைகள் பலவற்றில் முதலாண்டு மாணவர் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் பணியாற்றிய பிறகே ஒருவரைத் தேர்கிறார். நம்மிடமும் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க் இருக்கிறது. அதை முடித்த பிறகு கைடை ஒதுக்கினால் இரு தரப்புக்கும் ஒருவரையொருவர் அறிய அவகாசம் கிடைக்கும்.

அடுத்து, குழு. மாணவர் பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுமுன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இதை டாக்டோரல் கமிட்டி என்பார்கள். இதில் நல்ல உறுப்பினர் ஒருவர் அமைந்துவிட்டால் ஆய்வின் தரமே மாறும். புள்ளியியல் தெரிந்தவர் மாதிரி அளவு போதாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், கடைசி ஆண்டில் எல்லாவற்றையும் கலைத்துப்போடும் வேதனை மாணவருக்கு இல்லை. ஆனால் விதிப்படி இக்குழுவைக் கூட்டுபவரே கைடுதான். உறுப்பினர்களின் பெயர்களும் பெரும்பாலும் அவர் சொல்பவைதான். மாணவரைக் கேட்பது அரிது. கைடுக்கு நெருக்கமானவர்களே உட்கார்ந்திருக்கும் அறையில், "எனக்கு வழிகாட்டல் கிடைக்கவில்லை" என்று எந்த மாணவரால் சொல்ல முடியும்? குறைகளைச் சொல்லக்கூடிய இடமும் இப்படி அடைபட்டுப்போகிறது. ஒரு உறுப்பினரையாவது மாணவர் முன்மொழிய வேண்டும், கூட்டும் பொறுப்பு வேறொருவரிடம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வேட்டை மதிப்பிடுவதிலும் கைடு உண்டு. அவரோடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். வைவா குழுவிலும் அவர் அமர்கிறார். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தரவுகள் எப்படித் திரட்டப்பட்டன, எந்த இடத்தில் மாணவர் திணறினார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். துறைச் சண்டையை மனத்தில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் வெளித் தேர்வாளரிடமிருந்து மாணவரைக் காப்பாற்றவும் அவரால் முடியும். ஆனாலும், சொந்த வழிகாட்டலின் விளைவுக்குத் தானே மதிப்பெண் போடுபவரிடம் நடுநிலையை எதிர்பார்ப்பது அவருக்கும் சுமைதான். பிரிட்டனில் நெறியாளர் பொதுவாகத் தேர்வாளராக இருப்பதில்லை. அவருடைய விளக்கத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டு, தீர்ப்பை மற்றவர்களிடம் விடுவது இங்கும் முடியாத காரியமல்ல.

கைடை மாற்ற வழி இருக்கிறது. நடைமுறையில் அதற்குத் தடையின்மைக் கடிதம் கேட்பார்கள். அதைத் தருபவர், மாணவர் யாரை விட்டு விலக நினைக்கிறாரோ அவரேதான். உதவித்தொகைக்கான தாள்களிலும் அவர் கையெழுத்து வேண்டும். அதனால்தான் மூன்றாம் ஆண்டில் கசப்பு முற்றிய பிறகும் பலர் வாய்திறப்பதில்லை.

விதிகள் மாறும்வரை, சேருமுன் விசாரிப்பது ஒன்றுதான் மாணவரின் கையில் இருக்கிறது. சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் நெறியாளர் பெயரைத் தேடி, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளைப் படிக்கலாம். தலைப்பில் ஊர்ப்பெயர் மட்டும் மாறி அதே ஆய்வு திரும்பத் திரும்ப வருகிறதா என்று கவனிக்கலாம். முடித்தவர்களிடம், ஓர் இயலைக் கொடுத்தால் எத்தனை வாரத்தில் திருத்தம் வரும் என்று கேட்கலாம். பாதியில் விட்டுப்போனவர்களின் பெயர் அந்தக் களஞ்சியத்தில் இருக்காது. துறையில் நாலு பேரிடம் கேட்டு அவர்களைத் தேடிப்பிடித்துப் பேசிவிட்டு, அதன் பிறகு விண்ணப்பத்தை நிரப்பலாம்.