மூன்றாம் அதிகாரத்தோடு நின்றுவிடும் பிரசங்கம்

2023-இல் தொழிலதிபர் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025-இல் இன்னொரு நிறுவனத் தலைவர் எஸ். என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். அதற்குப்பின் எனக்குத் தெரிந்த சபைகளில் வேலையையும் விசுவாசத்தையும் பற்றிய வாலிபர் முகாம்கள் அடிக்கடி நடக்கின்றன. அதிகாலையில் ஜெபி, வேலையைக் கர்த்தருக்கென்று செய், மாலையைக் குடும்பத்துக்குக் கொடு, ஞாயிறன்று செல்போனை அணைத்துவை. இதைவிட நல்ல ஆலோசனை உண்டா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்டு.

இந்தப் போதனையில் நன்மை இருக்கிறது. துறவிக்கே தேவ அழைப்பு என்றிருந்த காலத்தில், வீடு பெருக்கும் வேலைக்காரிக்கும் அழைப்பு உண்டு என்று சீர்திருத்தவாதி லூத்தர் சொன்னது பெரிய விடுதலை. அமெரிக்கப் போதகர் டிம் கெல்லர் அதை இன்றைய அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். வேலையே விக்கிரகமாகிவிடும் என்றும் எச்சரித்தார். பதவி உயர்வை மட்டுமே ஆசீர்வாதமாகச் சொல்லும் சாட்சிகளுக்கு இது நல்ல மருந்து.

என் மறுப்பு ஒன்றே. பல வருடமாகச் சொல்லிவருகிறேன். பேச வேண்டியவரை விட்டுவிட்டு இந்தப் பிரசங்கம் வேறொருவரிடம் பேசுகிறது.

முகாமுக்கு முகாம் எடுக்கப்படும் வசனம், எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று செய்யச் சொல்லும் கொலோசெயர் 3:23. முந்தின வசனத்தில் பவுல் கூப்பிடுவது யாரை? நம் பழைய மொழிபெயர்ப்பு வேலைக்காரர் என்கிறது. கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் அடிமைகள். விட்டுப்போக வழியில்லாத அடிமைக்குச் சொன்ன ஆறுதலை மாதச் சம்பளக்காரனுக்குக் கட்டளையாக்கிவிட்டோம். அடிமைகளிடம் பேசிய கையோடு பவுல் எஜமான்களிடம் திரும்பி, நீதியாக நடக்கச் சொல்கிறார். அவர்களுக்கும் மேலே ஓர் எஜமான் உண்டு என்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் வந்த அதிகாரப் பிரிப்பில் அந்த வசனம் 4:1 ஆகிவிட்டது. நம் பிரசங்கிமார் 3-ஆம் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவிடுகிறார்கள்.

ஓய்வுநாள் கட்டளையையும் இப்படித்தான் சுருக்கிவிட்டோம். உபாகமம் 5-இல் அது ஆள் வைத்து வேலை வாங்குகிற வீட்டுக்காரனுக்கு இடப்படுகிறது. அவனுடைய வேலைக்காரனும் வேலைக்காரியும், மாடும் கழுதையும்கூட ஓய வேண்டும். எகிப்தில் அவன் பட்ட அடிமைத்தனமே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அங்கே வைக்கோல் கொடுக்காமல் செங்கல் கணக்குக் கேட்டான் பார்வோன். மோசே ஜனங்களுக்கு நேர மேலாண்மை கற்றுத்தரவில்லை. பார்வோன் முன்னால் போய் நின்றார்.

போன மாதம் ஒரு முகாமில் என் பக்கத்தில் இருந்த தம்பி பிரசங்கத்தின் நடுவே மூன்று முறை எழுந்து போர்ட்டிகோவுக்கு ஓடினான். ‘ப்ரொடக்‌ஷன் இஷ்யூ, மேனேஜர் விடமாட்டேங்கிறார்’ என்றான். செல்போனை அணைக்கச் சொன்ன போதகருக்கு நேர் எதிரே, முன்வரிசையில், நிறுவனம் நடத்துகிற இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை இல்லை. முடிந்து செருப்பு மாட்டும்போது அவன் சொன்னான்: ‘எனக்குத்தான் ஜெபம் பத்தலை அங்கிள்.’

இதுதான் என்னைச் சுடுகிறது. நாலு பேர் வேலையை ஒருவன் தலையில் கட்டுகிறார்கள். சபை அதை அவனுடைய பக்திக் குறைவாக்கி அனுப்புகிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. எங்கள் ஆராதனையில் அதைப் பற்றி ஒரு வரி ஜெபம்கூட ஏறெடுக்கப்படவில்லை. 1891-லேயே போப் 13-ஆம் லியோ வேலை நேர வரம்பையும் ஞாயிறு ஓய்வையும் தொழிலாளியின் உரிமையாகவே எழுதினார்.

முன்வரிசையை மட்டும் சொல்லித் தப்ப முடியாது. ஞாயிறு காலை நாம் பைபிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, பின்கட்டில் ஓர் அக்கா நம் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருக்கிறார். உபாகமம் சொல்லும் வேலைக்காரி அவர்தான். சம்பளம் பிடிக்காமல் அவருக்கு ஞாயிறு லீவு கொடுத்துவிட்டு வருகிற சபைக்கே வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான சமநிலையைப் பற்றிப் பேச வாய் உண்டு.