தன்பதிவேடும் வாட்ஸ்அப் குழுவும்

தமிழ்நாட்டின் ஆட்சியர் அலுவலகத்தில் பிரிவு எழுத்தரின் மேசையில் இன்னமும் பார்க்கக்கூடிய பொருள் தன்பதிவேடு. அந்த இருக்கைக்கு வரும் ஒவ்வொரு தபாலுக்கும் அதில் ஓர் இடம் உண்டு: எண், கைக்கு வந்த தேதி, அனுப்பியவர், பொருள், குறிப்பு எழுதி மேலே வைத்த தேதி, யாரிடம் என்ன கேட்டு எழுதப்பட்டது, நினைவூட்டு எப்போது போனது, கடைசியில் எப்படி முடிந்தது. சென்னை மாகாணக் காலத்தில், டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் நிலைபெற்ற அலுவலக நடைமுறைக்கு இந்தப் பதிவேடுதான் அச்சாணி.

இதைச் சிவப்பு நாடாவின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனாலும், கையாள முடியாத அளவுக்குச் செய்தி வந்து குவியும்போது ஒரு சாதாரண ஊழியர் எப்படித் தாக்குப்பிடிப்பது என்ற கேள்விக்கு, யோசித்துச் செய்யப்பட்ட விடைகளில் ஒன்று இது. இதன் குணத்தையும் குற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நேரம் இப்போது வந்திருக்கிறது. மின் அலுவலகம் ஒரு பக்கமும் வாட்ஸ்அப் மறுபக்கமுமாக இந்த முறையைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன.

தபால் வந்தவுடன் தேதி முத்திரை விழுகிறது. பகிர்மானப் பதிவேட்டில் எண் ஏறுகிறது. அ1 இருக்கையா, ஆ3 இருக்கையா என்பது அப்போதே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தத் தாளைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நீதிமன்றத் தீர்ப்புக்கோ அரசாணைக்கோ காத்திருக்கும் கோப்புகள் ‘கால் புக்’ என்ற தனிப் பதிவேட்டுக்குப் போய்விடும். இன்று ஒன்றும் செய்ய முடியாத விஷயம் தினமும் கண்ணை உறுத்துவதில்லை. குறித்த நாளில் தன்பதிவேடு கண்காணிப்பாளரிடமும் அலுவலகத் தலைவரிடமும் பார்வைக்குப் போக வேண்டும். ஆண்டு மாறும்போது முடியாதவை எல்லாம் புதிய பதிவேட்டுக்கு முன்கொணரப்படும்.

பார்வைக்குப் போவது எழுத்தரைக் கண்காணிப்பதற்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் பார்வையில் அதன் பெரும்பயன் வேறு. ஓர் இருக்கையில் எத்தனை விஷயங்கள் தேங்கி நிற்கின்றன என்பதை, அந்த இருக்கைக்கு மேலும் வேலை அனுப்பப்போகிறவர் தன் கண்ணால் பார்த்துக் கையொப்பமிட வேண்டியிருக்கிறது. சுமப்பவருக்கு மட்டும் தெரியும் சுமையை ஏற்றுபவருக்கும் காட்டும் ஏற்பாடு, இன்றைய மின்னஞ்சலிலும் கைப்பேசியிலும் எங்கே இருக்கிறது?

இன்னொரு குணம் கோப்பு முடியும் இடத்தில் இருக்கிறது. முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிட வேண்டும். ஆர்.டிஸ் என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டும், டி.டிஸ் என்றால் பத்து ஆண்டு, கே.டிஸ் மூன்று ஆண்டு, எல்.டிஸ் ஓராண்டு. நில உரிமை சார்ந்த ஆணை ஒரு வகையில் போகும், விடுப்பு விண்ணப்பம் இன்னொரு வகையில் போகும். எதை எவ்வளவு காலம் வைப்பது என்ற முடிவை, விஷயம் முழுவதும் மனத்தில் இருக்கும் நாளிலேயே எடுக்கச் சொல்கிறது இந்த முறை. நடப்பில் பழுதில்லை என்று சொல்ல முடியாது. தணிக்கை கேட்குமோ, வழக்கு வருமோ என்ற அச்சத்தில் ஆயுள் முடிந்த கட்டுகளும் பதிவறையில் தூசி படிந்து கிடக்கின்றன. விதி இருந்தும் அழிக்கத் துணிவில்லை.

சேமித்ததைத் தேடி எடுப்பதுதான் தகவல் பெருக்கத்தின் சிக்கல் என்று பலர் எண்ணுகிறார்கள். விற்பனைக்கு வரும் மென்பொருள்களும் அதையே பேசுகின்றன. 2011-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 345 பேரின் மின்னஞ்சல் பழக்கத்தைக் கவனித்தார்கள். கோப்புறை கோப்புறையாக அடுக்கிவைத்தவர்கள், அப்படியே போட்டுவைத்துத் தேடுபொறியை நம்பியவர்களைவிடத் திறமையாக எதையும் கண்டெடுத்துவிடவில்லை. தேடல் ஏறக்குறைய தீர்ந்துபோன பிரச்சினை. தீராதது, வந்த செய்திக்கு யார் பொறுப்பு, எப்போது முடிந்ததாகக் கொள்வது என்பது. தன்பதிவேடு அங்கேதான் கை வைக்கிறது.

இனி குற்றம். தன்பதிவேடு தாளின் நகர்வைத்தான் அறியும். குறை தீர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒரு மூதாட்டி, தன் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்தார் ஆக்கிரமித்துவிட்டதாக மனு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கோட்டாட்சியருக்கும், அங்கிருந்து வட்டாட்சியருக்கும், வருவாய் ஆய்வாளருக்கும், இறுதியாகக் கிராம நிர்வாக அலுவலருக்கும் போகிறது. ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று கீழே அனுப்பியவுடன் மேல் அலுவலகத்தின் கணக்கில் அது முடிந்த இனம். ஒரே மனு மூன்று இடங்களில் முடிந்துவிடும். பாதையில் முள்வேலி அப்படியே நிற்கும். நிலுவையைக் குறை என்று மேலிருந்து நெருக்கடி வரும்போதெல்லாம் இந்தத் தள்ளிவிடுதல் கூடுகிறது. எழுத்தரை மட்டும் பழித்துப் பயனில்லை. நிலுவை எண்ணிக்கையை வைத்து அவரை அளந்தால், அவர் எண்ணிக்கையைத்தான் குறைப்பார்.

அந்த மூதாட்டியும் சும்மா இருப்பதில்லை. பதில் வராததால் முதல்வரின் தனிப்பிரிவுக்கும், 1100 உதவி எண்ணுக்கும், அடுத்த வாரம் மறுபடி ஆட்சியருக்கும் முறையிடுகிறார். ஒவ்வொன்றும் புதிய எண்ணோடு அதே எழுத்தரின் மேசைக்கு வருகிறது. முந்தைய கோப்போடு சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது எழுத்தரின் நினைவாற்றலை நம்பி நிற்கும் விதி. அவர் மாறுதலில் போனால் தொடர்ச்சியும் போய்விடும். அலுவலகங்களை மூழ்கடிக்கும் தபாலில் கணிசமான பங்கு, முன்பே வந்து தீர்க்கப்படாமல் முடிக்கப்பட்ட தபால்தான் என்பது என் உறுதியான எண்ணம். இந்த இடத்தில் மின் அலுவலகம் உண்மையாகவே உதவக்கூடும். பெயரையோ சர்வே எண்ணையோ தட்டினால் பழைய மனுக்கள் அத்தனையும் வந்து நிற்க வேண்டும். கணினியிலும் ஏட்டிலும் இரண்டு தடவை பதியும் வேலையாக அது சுருங்கிவிட்ட இடங்களில், சுமை ஒன்றுக்கு இரண்டானதுதான் மிச்சம்.

வாட்ஸ்அப் குழுவின் சங்கதி வேறு. வட்டாட்சியர்கள் குழு, மண்டலத் துணை வட்டாட்சியர்கள் குழு, கிராம நிர்வாக அலுவலர்கள் குழு என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒன்று. ‘மிக அவசரம், இன்று மாலை 5 மணிக்குள்’ என்று எக்செல் படிவம் வருகிறது. வெள்ளமோ புயலோ வரும் நாளில் இந்த வேகம் உயிர் காக்கும். அதை மறுக்கவே கூடாது. ஆனால் மற்ற நாட்களில் நடப்பது என்ன? எண் இல்லை, ஒப்புகை இல்லை. நீல டிக் விழுந்தால் அனைவரும் பார்த்தாயிற்று. இன்னார் பொறுப்பு என்பது மட்டும் எழுதப்படவில்லை. நிலுவைப் பட்டியலில் அந்த வேலை ஏறுவதேயில்லை. எழுத்தர் ஒரு நாள் முழுவதும் படிவம் நிரப்பினாலும், தன்பதிவேட்டின் கண்ணுக்கு அவர் அன்று எதையும் முடிக்கவில்லை. அனுப்பியவருக்கோ ஓர் இருக்கையின் மேல் தான் எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்று பார்க்கவே வாய்ப்பில்லை.

தன்பதிவேட்டின் ஒரு குணத்தையாவது அங்கே கொண்டுபோக முடியும். குழுவில் வேலை கேட்பவர் அதற்கு ஒரு எண்ணும், பொறுப்பாளர் பெயரும், எந்தக் கோப்பைச் சார்ந்தது என்பதும் சேர்த்தே எழுத வேண்டும் என்று ஓர் அலுவலக ஆணை போட்டால் போதும். எண்ணில்லாத கேள்விக்குப் பதில் தராத உரிமை எழுத்தருக்கு வேண்டும். இதற்குப் பணச்செலவு கிடையாது. கேட்கும் முன் அதிகாரி ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. அந்த ஒரு நிமிடத்தில் பல படிவங்கள் அனுப்பப்படாமலே நின்றுவிடும்.

இதற்கு அப்பாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. காலிப் பணியிடங்களால் ஒரே எழுத்தர் இரண்டு இருக்கைகளைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் அலுவலகங்கள் உண்டு. அவரிடம் தன்பதிவேடும் இரண்டு. இரண்டையும் ஒழுங்காகவே எழுதி, குறித்த நாளில் பார்வைக்கு வைக்கிறார். நிலுவை ஏன் குறையவில்லை என்று இரண்டிலும் சிவப்பு மையில் குறிப்பு எழுதப்பட்டுத் திரும்பி வருகிறது. அந்தக் குறிப்புக்கு அவர் எழுதக்கூடிய உண்மையான விளக்கம் ஆள் பற்றாக்குறைதான். அதை எழுதுவதற்குப் பதிவேட்டில் பத்தி இல்லை.