மாம்பழக் காலத்து ஈயும் பெங்கிரி எண்ணெயும்

மே மாதம் பிறந்ததும் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாகப் போகும். தோலும் கொட்டையும் குவிகிற இடமெல்லாம் ஈக்குப் பிரசவ ஆஸ்பத்திரிதான். ஒரு பெண் ஈ ஒரு தடவையில் நூறு முட்டைக்கு மேல்கூட வைக்கும். இந்த வெயிலுக்கு முட்டை ஈயாகிப் பறக்கப் பத்து நாள் போதும்.

இதற்கு நம் ஊர் வைத்தியம் புகை. பொழுது சாய்ந்ததும் மாட்டுக் கொட்டகையில் தணலை வைத்து, அதன்மேல் வேப்பிலையும் நொச்சித் தழையும் போட்டு மூட்டம் போடுவார்கள். வீட்டுக்குள் சாம்பிராணி. யாழ்ப்பாணத்துக் கொட்டில்களிலும் இதே வேப்பிலைப் புகைதான்; இலையானும் நுளம்பும், அதாவது ஈயும் கொசுவும், சேர்ந்தே விலகும். சிங்களத் தென்பகுதியில் வழி வேறு. மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் விளையும் பெங்கிரிப் புல்லின் எண்ணெயை வாளித் தண்ணீரில் சில சொட்டு விட்டுத் தரையைத் துடைத்துவிடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதியான சிட்ரோனெல்லா எண்ணெய் இதுதான்.

ஓசூருக்குப் புகை சரிப்படாது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் ஓர் அறை, ஒரு ஜன்னல்; நைட் ஷிப்ட் முடித்தவர் பகலில் அங்கேதான் தூங்குவார். அதில் மூட்டம் போட்டால் ஈக்கு முன்னால் மனிதர் வெளியே ஓட வேண்டியதுதான்.

தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே பட்டுப்புழு வளர்ப்பு உண்டு. புழு மனைக்குள் புகை கூடாது, கொசுவத்தி கூடாது, பூச்சிமருந்து வாடைகூட ஆகாது. ஈயோ அங்கேதான் அதிகம் கெடுக்கிறது. 1980இல் கர்நாடகத்துக்குள் நுழைந்த ஊசி ஈ என்ற வேறு இன ஈ, புழுவின் தோல்மேல் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டிவிட்டுப் போகும். முட்டை பொரித்துக் குடம்பி உள்ளே புகுந்த இடத்தில் கருந்தழும்பு விழும். அந்தப் புழு தேறாது. அதனால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நைலான் வலை அடிப்பதே முதல் காவல். மூலிகை பற்றி அவர்களிடம் பேசிப் பயனில்லை.

பெங்கிரி எண்ணெயிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்துப் பூச்சியியலாளர் ஹௌலெட், இந்த வாசனைக்கு ஆண் பழ ஈக்கள் ஓடி வருவதை 1912இல் எழுதிவைத்தார். இழுப்பது அதிலுள்ள மெத்தில் யூஜினால் என்று 1915இல் கண்டார். இன்று மாந்தோப்புகளில் தொங்கும் பழ ஈப் பொறிக்குள் வைப்பதும் அதே பொருள்தான். சமையலறை ஈயைத் துரத்தும் எண்ணெய், தோப்பு ஈக்கு அழைப்பிதழ்!

என்னைக் கேட்டால், லைன் வீட்டுக்கு இலங்கைக்காரர் முறையே பொருந்தும். பெங்கிரி கிடைக்காவிட்டால் கேரளத்துப் புல்தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) போதும்; தரையையும் சாப்பாட்டு மேடையையும் துடைக்கலாம். ஆனால் அந்த வாசனை நிற்பது ஒன்றிரண்டு மணி நேரம். பின்பக்கம் மாங்கொட்டைக் குவியல் பத்து நாள் கிடந்தால் எந்தத் தைலமும் பலிக்காது. சீசன் முடியும்வரை கழிவை வாரம் இருமுறை அள்ளச் சொல்லி, தெருவே சேர்ந்து உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள்.