தொட்டால் கல்

திருவக்கரைக் கல்மரப் பூங்காவில் கிடப்பவை பார்வைக்கு அடிமரங்கள், கணுகூடத் தெரியும். தொட்டால் கல். சுமார் 2 கோடி ஆண்டுப் பழசு.

உபுண்டு லினக்ஸில் கட்டளைகளை ஓட்டும் 'எஸ்எச்' ஷெல் எனக்கு அதைத்தான் நினைவூட்டும். பாஷ் ஷெல் என்று நம்பிக் கூப்பிட்டால் வந்து நிற்பது டாஷ் என்ற வேறொரு ஷெல். மூலநிரலிலிருந்து இயங்குதளம் கட்டக் கற்றுத்தரும் 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' நூலின் சின்ன ஸ்கிரிப்ட், இந்த ஆள்மாறாட்டத்தைக் கட்டுமுன்பே பிடித்துவிடும். ஜிசிசி, பைசன், மேக் என்று கட்டும் கருவிகளின் பதிப்பு எண்களையும் பார்க்கும், அது பெரிதில்லை. முடியும் தறுவாயில், ஒன்றுமே செய்யாத ஒற்றை வரி நிரலை கம்பைலரிடம் நீட்டி, 'எங்கே, கட்டிக் காட்டு' என்கிறது பாருங்கள், அங்கேதான் சொக்கிப்போகிறேன். புது ஆளிடம் கரண்டியைக் கொடுத்து நாலு செங்கல் வைக்கச் சொல்லும் மேஸ்திரி மாதிரி.

எல்லா வரியிலும் 'ஓகே' வந்தால் வேலையைத் தொடங்கிவிட்டு டீ குடிக்கப் போகலாம். கம்பைல் ஓட மணிக்கணக்கில் ஆகும்.