கோபம் நியாயம், குறி தப்பு

‘ஹாம்லெட்’ நாடகத்தின் கடைசி வாள் போட்டியில் இரண்டு சுற்று முடிந்தபோது ஹாம்லெட் 2–0 என்று முன்னிலையில் இருந்தான். மூன்றாவதில் யாருக்கும் புள்ளி இல்லை. மொத்தம் 12 சுற்று. எதிராளி லேயர்ட்டீஸ் மூன்றுக்கு மேல் கூடுதல் புள்ளி எடுத்தால்தான் வெற்றி என்பது பந்தயம். ஹாம்லெட் மேல் ராஜா கட்டியது ஆறு குதிரைகள். விஷம் தடவிய வாள் மட்டும் நடுவில் வராவிட்டால், இது ஒருதலைப்பட்சமான ஆட்டம்.

இதே ஆள் மூன்றாம் அங்கத்தில் எப்படி ஆடினான்?

அப்பா செத்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் அம்மா கெர்ட்ரூட், கணவனின் தம்பியான இந்த ராஜாவைக் கட்டிக்கொண்டாள். கேரள-தமிழக எல்லையில், பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து ஊர்களில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாம். பதினாறு கழிந்த பிறகும் 41 நாள், சில வீடுகளில் ஒரு வருஷம் என்று மகன் தீட்சை காக்கிற மண் அது. ஆனால் அதே ஊர்களில் இன்னொரு நியாயமும் இருந்தது. மருமக்கத்தாயம் நடந்த நாயர் தறவாடுகளில் விதவை மறுபடி சம்பந்தம் (மண உறவு) வைப்பது குற்றமாக இருந்ததில்லை. மகனுக்குச் சொத்துரிமை அம்மா வழி வந்தது. அந்தக் கண்ணோடு பார்த்தால் மறுமணம் பெரிய விஷயமே இல்லை. உறுத்துவது அவசரம்தான்.

அந்த உறுத்தலோடு அம்மாவின் அறைக்குள் போகிறான். வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். அவள் பயந்து அலற, திரைக்குப் பின்னால் ஒரு குரல். யாரென்று பார்க்காமலே, சித்தப்பன் என்று நினைத்து வாளைச் செருகுகிறான். செத்தது சித்தப்பன் இல்லை, ராஜாவின் ஆலோசகர் பொலோனியஸ். அவருடைய மகன்தான் லேயர்ட்டீஸ். கடைசி ஆட்டத்தில் விஷ வாளோடு எதிரே நிற்பவனை உருவாக்கியதே இந்தக் குத்துதான்.

பாறசாலைப் பக்கம் தெக்கன் களரி, அடிமுறை என்ற தற்காப்புக் கலைகள் வேரோடிய பகுதி. சிஷ்யனின் குணத்தை நெடுநாள் பார்த்த பிறகே ஆசான் வர்மம் சொல்லிக்கொடுப்பது மரபு. அன்றிரவு ஆடிய ஹாம்லெட்டுக்கு எந்த ஆசானும் சொல்லித் தந்திருக்க மாட்டார். இயக்குநர் வி.கே. பிரகாஷ் 2012இல் ‘கர்மயோகி’ படமாக இந்தக் கதையைக் களரிப் பின்னணிக்குக் கொண்டுவந்தது அதனால் பொருத்தமாகவே படுகிறது. விஷால் பரத்வாஜின் ‘ஹைதர்’ (2014) வாள் போட்டியையே எடுத்துவிட்டது. அங்கே கடைசி அடி அம்மாவாக வரும் தபுவுடையது. உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வருகிறார்.

கடைசி ஆட்டத்துக்கு வருவோம். லேயர்ட்டீஸ் பிரான்ஸ் போன நாளிலிருந்து ஹாம்லெட் பயிற்சியை விடவில்லை. களத்தில் இறங்குமுன் எதிராளியிடம் மன்னிப்பும் கேட்கிறான். கோபம் வடிந்ததும் கை நிதானத்துக்கு வருகிறது, புள்ளி விழுகிறது. இரண்டாவது புள்ளிக்குப் பிறகு அம்மா முகம் துடைக்கக் கைக்குட்டையை நீட்டுகிறாள். மகன் ஜெயிக்கட்டும் என்று கோப்பையை எடுத்து, ராஜா தடுத்தும் குடிக்கிறாள். ஹாம்லெட்டுக்காக ராஜா வைத்த விஷம் அது.

அறையில் அவ்வளவு ஏச்சு வாங்கியவள், அங்கே மகன் சொன்ன, தன் பைத்தியம் வேஷம்தான் என்ற ரகசியத்தைக் கடைசிவரை வெளியே விடவில்லை. அவள் எப்போதோ அவன் பக்கம் வந்துவிட்டாள். அந்தத் துணையை அவன் பயன்படுத்தவே இல்லை. தோல்வி அங்கேதான்.

ஹாம்லெட் வேடம் கட்டும் நடிகர்கள் அம்மாவிடம் கத்தும் காட்சியில் கைதட்டலை அள்ளிவிடலாம். முகம் துடைக்க வரும் அம்மா முன்னால் எப்படி நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் மார்க் போட வேண்டும்.