தொகுத்தோரும் தொகுப்பித்தோரும்: பல்கலைக்கழகக் கலைத்தொகுப்புகளில் மாணவர் தெரிவு

பழந்தமிழ்த் தொகைநூல்கள் பற்றிய குறிப்புகள் தொகுத்தவரையும் தொகுப்பித்தவரையும் வேறுபடுத்திக் காட்டுகின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. தேர்ந்தெடுக்கும் அறிவும், அதற்குப் பொருளும் இடமும் தரும் அதிகாரமும் ஒன்றல்ல என்னும் தெளிவு இவ்வழக்கில் உள்ளது. தற்காலக் கலைப்படைப்புகளை மாணவர்களே தேர்ந்து வாங்கும் இரு கல்வி நிறுவனங்களை மதிப்பிட இவ்வேறுபாடு பெரிதும் துணைசெய்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வின்ஸ்டன்-சேலம் நகரிலுள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் இம்முயற்சி 1963இல் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சிறு மாணவர் குழு பல மாதங்கள் கலைஞர்களையும் கலைக்கூடங்களையும் பற்றிப் பயின்று, நியூயார்க் சென்று, படைப்புகளை நேரில் கண்டு, விவாதித்து வாங்குகிறது. பணம் பல்கலைக்கழகத்தினுடையது, முடிவு மாணவர்களுடையது. பிக்காசோ, ஜாஸ்பர் ஜான்ஸ், கீத் ஹேரிங் முதலியோரின் ஆக்கங்கள் இவ்வாறு சேர்ந்தவை. இத்தொகுப்பு இன்று அதன் முன்னோடியான மார்க் ரீஸின் பெயரைத் தாங்கியுள்ளது. இளநிலைப் பட்டப்படிப்பின் காலமும் நான்கு ஆண்டுகளே என்பதால் ஒவ்வொரு மாணவத் தலைமுறைக்கும் பெரும்பாலும் ஒரே வாய்ப்புத்தான் கிட்டுகிறது.

தொடக்க ஆண்டு கவனத்திற்குரியது. பாப்டிஸ்ட் சபையின் பிணைப்பில் இருந்த அந்நிறுவனம் 1962இல்தான் கறுப்பின மாணவருக்குக் கதவைத் திறந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1960இல், உணவக நிறப்பாகுபாட்டை எதிர்த்து அமர்ந்த அந்நகரின் கறுப்பினக் கல்லூரி மாணவர்களுடன் வேக் ஃபாரஸ்டின் வெள்ளையின மாணவர் பதின்மரும் கைதாகினர். வாங்கப்படும் படைப்பு தன் காலத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்பது இத்தொகுப்பின் கொள்கை. காலம் என்பது அவ்வளாகத்தில் அன்று வெறும் அழகியற்சொல்லாக இருந்திருக்க முடியாது.

ஆயினும் இக்கொள்கை ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. எவருடைய காலம்? மாணவர் காண்பது நியூயார்க் கலைச்சந்தை ஏற்கெனவே சலித்து வைத்திருக்கும் காலத்தை. கலைக்கூட உரிமையாளர் சுவரில் மாட்ட மறுத்த ஓவியம் மாணவர் விவாதத்திற்கு வருவதே அரிது. வரையறுத்த தொகை இன்னொரு சல்லடையாகிறது: புகழ்பெற்றவரின் பல படிகளுள் ஒன்றான அச்சோவியத்தை வாங்குவதா, பெயர் பெறாதவரின் ஒற்றைப் படைப்பை வாங்குவதா? முன்னது அடுத்த தலைமுறையின் மதிப்பை எளிதில் பெறும். பின்னதே தெரிவு என்னும் சொல்லுக்கு முழுப்பொருள் தரும். ஒரு தேர்வுக்கு விடையெழுதும் மாணவனைப் போலத் தெரிந்த பெயரைப் பற்றிக்கொள்ளும் ஆசை இங்கும் இருக்கவே செய்யும்.

இத்தகைய தொகுப்புகளைப் போற்றுவோர் வழக்கமாக முன்வைக்கும் சான்று விலை. குறைந்த தொகைக்கு வாங்கியது இன்று பன்மடங்கு பெறும் என்பது மாணவரின் கூர்மைக்கு அத்தாட்சியாகக் காட்டப்படுகிறது. இப்பாராட்டு எங்கே இட்டுச்செல்லும் என்பதை ஆக்ஸ்ஃபோர்டின் பெம்புரோக் கல்லூரி காட்டுகிறது. அங்கே 1947இல் ஆந்தனி எமெரி என்னும் மாணவரின் முயற்சியால் தொடங்கிய கலைத்தொகுப்பு கல்லூரிக்கு உரியதன்று. இளநிலை மாணவர் மன்றத்திற்கே உரியது. பிரான்சிஸ் பேக்கன் 1952இல் தீட்டிய, நாற்காலியில் அமர்ந்த ஆணின் ஓவியத்தை மாணவர்கள் 150 பவுண்டுக்கு வாங்கினர். 1997இல் அது ஏறத்தாழ 4,00,000 பவுண்டுக்கு விற்கப்பட்டது. அத்தொகை கலை நிதியாயிற்று. அந்நிதி பொருள்முட்டுற்ற மாணவருக்கும் உதவுகிறது.

இவ்விற்பனையை இழப்பு என்று மட்டும் கூறிவிடுவது எளிது, அது நேர்மையாகாது. பெம்புரோக்கில் தொகுத்தோரும் தொகுப்பித்தோரும் மாணவரே. வாங்கும் உரிமை ஒரு தலைமுறைக்கு உண்டெனில், விற்கும் உரிமையைப் பின்வரும் தலைமுறைக்கு எந்த நியாயத்தால் மறுப்பது? வறுமையுற்ற சக மாணவரின் தேவை, சுவரிலுள்ள ஓவியத்தைவிடச் சிறியது என எவர் சொல்வது? வேக் ஃபாரஸ்டில் இவ்வினா இதே வடிவில் எழுவதில்லை. அங்கே மாணவர் தொகுப்போர் மட்டுமே, தொகுப்பித்தோன் பல்கலைக்கழகம். வாங்கியவர் பட்டம் பெற்று வெளியேறிய பின்னும் படைப்பு நிலைப்பதற்கு அப்பிரிவினையே காவல். ஆனால் அதே பிரிவினையால் மாணவர் தெரிவு நிறுவனத்தின் பெருமைக்குரிய உடைமையாக மாறி, அதன் பின்னிருந்த கருத்துமோதல் மறைந்துபோகும் இடரும் உண்டு.

ஆகவே பாதுகாக்க வேண்டியது படைப்பை மட்டுமன்று, தெரிவின் காரணத்தையும்தான். எந்தப் படைப்புகள் இறுதிவரை வந்து தோற்றன, எதிர்த்தவர் சொன்னது என்ன, விலை எந்த அளவு முடிவை வளைத்தது என்னும் பதிவுகள் இல்லாவிடில் பிற்காலத்தார் கையில் எஞ்சும் ஒரே அளவுகோல் சந்தை மதிப்புத்தான். கலைக்கூடப் பெயரட்டை கலைஞர் பெயரையும் ஆண்டையும் ஊடகத்தையும் சொல்லும். ஓர் ஓட்டில் தோற்ற ஓவியத்தைச் சொல்லாது. பேக்கனின் ஓவியத்தை 150 பவுண்டு கொடுத்து வாங்கலாம் என வாதிட்டவர் எவ்வாறு வாதிட்டார் என்பது, 1997இல் விற்பனைக்கு வாக்களிக்க அமர்ந்தோர் முன் வைக்கப்பட்டிருக்க வேண்டிய முதல் ஆவணம்.